இறுதி மூச்சுவரை திறந்த வாயில்

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இஸ்லாமோ மதியை மயக்கும் அனைத்தையும் விலக்கிற்று. இவ்விரு மரபுகளின் நிழலில் வளர்ந்த நமக்குப் போதையின் கேட்டினை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கேட்டினை அறிவது ஒன்று. கேட்டில் வீழ்ந்தவரை அணுகுவது பிறிதொன்று. முன்னதை இக்கல்லூரியின் தமிழ் வகுப்பறையிலும் பள்ளிவாசலிலும் கற்றோம். பின்னதைக் கனடா நாட்டின் வான்கூவர் நகரில், சமூகப் பணியாளராக, அந்நாட்டின் முதற்குடி மக்களிடம் கற்று வருகின்றோம். அக்கல்வியின் ஒரு பகுதியை இம்மலரின் வாயிலாகப் பேராசிரியப் பெருமக்களோடும் மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வான்கூவர் துறைமுகத்தை அடுத்து 'டவுன்டவுன் ஈஸ்ட்சைடு' என்றொரு பகுதி உண்டு. ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடம் அதன் நடுவிடம். கண்ணாடி மாளிகைகள் நிறைந்த வணிகப் பகுதியிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், நடைபாதையே வீடாக, போதையே போர்வையாக மக்கள் வாழ்கின்றனர். அந்நகர் நிற்கும் நிலமோ மஸ்குயம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லேவாடூத் ஆகிய முதற்குடிகளுக்கு உரியது. எந்த உடன்படிக்கையாலும் அவர்கள் அதனைக் கைவிட்டதில்லை. எய்ட்ஸ் நோய்க் கிருமியின் பரவலால் 1997இல் அங்குப் பொதுநல நெருக்கடி அறிவிக்கப்பட்டது. ஃபென்டனில் என்னும் கொடிய செயற்கை மருந்தின் வருகையால் 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் முழுமைக்குமே நெருக்கடி அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அம்மாநிலத்தில் 2,500க்கு மேற்பட்டோர் நச்சு கலந்த போதைப் பொருளால் மாண்டனர். அவ்வாண்டில் முதற்குடியினர் இறந்த வீதம் ஏனையோரினும் ஏறத்தாழ 6 மடங்கு.

ஏன் இந்த வேறுபாடு? 'அவர்கள் இயல்பிலேயே குடிப்பழக்கம் உடையவர்கள்' என்பது அந்நாட்டார் பலர் சொல்லும் எளிய விடை. அது பொய்யான விடையுங்கூட. மெய்யான விடை வரலாற்றில் உள்ளது. 1876இல் இயற்றப்பட்ட 'இந்தியர் சட்டம்' அம்மக்களின் வாழ்வை அரசின் கைக்குள் அடக்கியது. கொடையே பெருமையெனக் கொண்ட 'பாட்லாட்ச்' விழா 1885 முதல் 1951 வரை குற்றமாக்கப்பட்டது. அரசு பணம் தர, கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசிய குழந்தை தண்டிக்கப்பட்டது. பசி, நோய், அடி, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றால் ஆயிரக்கணக்கானோர் பெற்றோரிடம் திரும்பாமலேயே மடிந்தனர். இத்தகைய பள்ளிகள் 1990களின் பிற்பகுதி வரை நீடித்தன. 2008இல் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. தாலாட்டுக் கேளாமல் வளர்ந்த குழந்தை, தான் தாயான பின் எந்தத் தாலாட்டைப் பாடும்? அந்த வெறுமையில் புகுந்ததே போதை.

இவ்விடத்தில் நம் தொழிலைப் பற்றிய உண்மை ஒன்றையும் மறைக்கலாகாது. பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டபோது அவற்றின் பணியைச் சமூகப் பணியாளர்கள் ஏற்றனர். 1951இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்திற்குப் பின், மாநிலங்களின் குழந்தை நலத்துறையினர் முதற்குடிக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தனர். வறுமையைப் புறக்கணிப்பு எனக் கணக்கெழுதி, 1960கள் முதல் 1980கள் வரை பல்லாயிரம் குழந்தைகளை அள்ளிச் சென்று வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தனர். இன்றும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி, கனடாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் முதற்குடியினர் 7.7 விழுக்காடே, ஆனால் வளர்ப்பு இல்லங்களில் உள்ள குழந்தைகளுள் அவர்கள் 53.8 விழுக்காடு. எனவேதான், நாம் ஒரு மூதாட்டிக்குச் சூடான தேநீரை நீட்டியபோது, அவர் முதலில் கேட்டது, "நீ பிள்ளைகளைப் பிடிக்கும் துறையைச் சேர்ந்தவனா?" என்பதே. அக்கேள்வியில் அவமதிப்பு இல்லை; அறுபதாண்டு அனுபவம் இருந்தது.

ஆதலால் இப்பணியின் முதற்பாடம் பொறுமை. நம் குழுவை வழிநடத்துபவர் முதற்குடிப் பெண்மணி ஒருவர். பெயரையும் ஊரையும் கேட்டுப் படிவம் நிரப்பும் வழக்கத்தை அவர் ஒதுக்கினார். "முதலில் சாப்பிட்டாரா என்று கேள், பெயரை அவரே சொல்லட்டும்" என்பார். அங்கே இளையவர்கள் மூத்தோரை, உறவு உண்டோ இல்லையோ, 'ஆன்ட்டி' என்றும் 'அங்கிள்' என்றும் அழைக்கின்றனர். முன்பின் அறியாதவரையும் 'காக்கா' என்றும் 'ராத்தா' என்றும் அழைத்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. வாரக்கணக்கில் நாம் தேநீர் மட்டுமே கொடுத்தோம். அதன் பின்னரே ஒருவர் தம் காலிலிருந்த புண்ணைக் காட்டினார். மற்றொருவர் தம் மகளின் புகைப்படத்தைக் காட்டினார்.

நாம் சுமந்து செல்லும் பையில் தூய ஊசிகள், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி, புண்ணுக்குக் கட்டுத்துணி, குடிநீர், கம்பளிக் காலுறை, நலாக்சோன் மருந்து ஆகியவை இருக்கும். ஹெராயின், ஃபென்டனில் போன்றவை மிகும்போது மூளை மூச்சுவிட மறக்கிறது. உதடு நீலம் பாய்கிறது. சில நிமிடங்களில் உயிர் பிரியும். நலாக்சோன் அந்த நஞ்சை மூளையின் வாயிலிலிருந்து தள்ளி நிறுத்துகிறது, மூச்சு மீள்கிறது. ஆனால் அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்கள் வரையே. அது தீர்ந்தபின் நஞ்சு மீண்டும் மூச்சை அடைக்கக்கூடும். ஆகவே மருந்து கொடுத்தவர் அகன்றுவிடலாகாது, உடனிருக்க வேண்டும். மருந்து தருவது குணமன்று, அவகாசமே. இப்பணி முழுமைக்கும் 'தீங்கு குறைப்பு' என்று பெயர். போதையை ஒருவர் விடும்வரை காத்திராமல், விடாத நிலையிலும் அவர் உயிரையும் உடலையும் மானத்தையும் காப்பது இதன் நோக்கம்.

இதனைக் கேள்வியுற்ற நம் ஊர் ஜமாஅத் பெரியவர் ஒருவர், "தம்பி, விலக்கப்பட்டதைச் செய்பவனுக்குக் கருவி கொடுப்பது பாவத்திற்குத் துணைபோவது ஆகாதா?" என்று வினவினார். அவர் சினந்து கேட்கவில்லை. நம் மறுமையின்மீது கொண்ட கவலையால் கேட்டார். அத்தகைய கேள்விக்குக் காரணத்தோடு விடையிறுத்தல் கடமை.

போதை விலக்கப்பட்டது என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், இரு தீங்குகளுள் ஒன்று தவிர்க்க இயலாதாயின் சிறியதைப் பொறுத்துப் பெரியதைத் தடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டக்கலையில் நிலைபெற்ற விதி. பட்டினியால் உயிர் போகும் நிலையில் இருப்பவருக்கு விலக்கப்பட்ட உணவையும் திருமறை அனுமதிக்கின்றது. உயிரின் மதிப்பு அத்தகையது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவையில், மது அருந்திய குற்றத்திற்காகப் பன்முறை கொண்டுவரப்பட்ட ஒருவரைப் பற்றிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தண்டனை நிறைவேற்றப்பட்டது, ஆனால் தோழர் ஒருவர் அவரைச் சபித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்தார்கள், இறைவனையும் அவன் தூதரையும் நேசிப்பவர் அவர் எனச் சான்றுரைத்தார்கள். குற்றத்தைக் குற்றம் என்றே கூறி, குற்றவாளியை மனிதராகவே கண்ட நெறி அது.

முஸ்லிம் நாடுகளும் இவ்வழியில் நடந்துள்ளன. ஈரான் நாட்டு நீதித்துறைத் தலைவர் 2005இல், தூய ஊசி வழங்கும் பணிக்கு இடையூறு செய்யலாகாது என நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். மலேசியா 2006இல் ஊசி மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் கோலாலம்பூரில் பள்ளிவாசலிலேயே போதை மீட்பு மருந்து வழங்கப்பட்டது. வான்கூவரில் 2003இல் தொடங்கிய 'இன்சைட்' நிலையத்தில், செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அந்நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் எல்லைக்குள் மிகைப்போதை மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன எனவும், நகரின் பிற பகுதிகளில் 9.3 விழுக்காடே குறைந்தன எனவும் 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம், நிலையம் தொடர்ந்து இயங்க ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அவ்வாறாயின் போதையிலிருந்து முற்றாக மீள்வதற்கு வழியே இல்லையா? உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் ஆல்கலி லேக் என்னும் முதற்குடிச் சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அவ்வூரில் ஏறத்தாழ அனைவருமே குடிக்கு அடிமைகள். பெற்றோர் குடிப்பதால் வீட்டிற்கு வரமாட்டேன் என்று சிறு மகள் மறுத்துவிட, 1972இல் ஃபிலிஸ் செல்சி என்னும் அன்னை குடியை விட்டார். விரைவில் அவர் கணவர் ஆண்டி செல்சியும் விட்டார். ஊரார் எள்ளி நகையாடினர். இருவரும் தளரவில்லை. கள்ளச்சாராயம் விற்றோரை விரட்டினர். மறந்துபோன சடங்குகளையும் மொழியையும் மீட்டனர். குடியை விட்டவர் வீட்டைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். 1980களின் நடுப்பகுதியில் ஊராரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குடியை விட்டிருந்தனர். அந்த மாற்றத்தை வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அம்மக்களே தம் வேர்களிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

தீங்கு குறைப்பும் முழு விடுதலையும் ஒன்றையொன்று எதிர்ப்பவை எனச் சிலர் வாதிடுவர். தெருவில் நின்று பார்க்கும் நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. திருந்துவதற்கு முதல் தகுதி உயிரோடிருத்தல். ஒருவர் என்று திருந்துவார் என்பதை நாம் அறியோம். அந்நாள் வரும்வரை அவர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அறிவோம்.

பிறிதொன்றும் சொல்ல வேண்டும். அம்மக்கள் நம் சமயத்தவர் அல்லர். அவர்களை நம் வழிக்கு அழைப்பதும் அங்கே நம் வேலையன்று. இறைவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களே அவர்கள் பிள்ளைகளை எடுத்துச் சென்றனர். எச்சமயத்தவராயினும், 'உன் நன்மைக்காக' என்று கூறிப் பிறர் வீட்டினுள் நுழையுமுன் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். மருத்துவ நிலையத்தில் அவர்களுடைய மூத்தோர் மூலிகைப் புகையிட்டு வழிபடும்போது நாம் அமைதியாக நிற்கின்றோம். நம் தொழுகை நேரம் வந்ததும் அவர்கள் நமக்கு ஒரு மூலையை ஒழித்துத் தருகின்றனர்.

அன்பிற்கினிய மாணவர்காள்! பாவமன்னிப்பின் வாயில் இறுதி மூச்சுவரை அடைபடுவதில்லை என்பது நம் நம்பிக்கை. நீலம் பாய்ந்த உதடுகளுக்கு மூச்சைத் திருப்பித் தருபவர், பாவத்தை நீட்டிக்கவில்லை. அந்த வாயில் திறந்திருக்கும் காலத்தையே நீட்டிக்கின்றார். நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் அதிகாரியாகலாம். வீழ்ந்தவர் ஒருவர் உங்கள் முன் வரும்போது, அவர் ஏன் வீழ்ந்தார் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கும். அதனைக் கேட்கப் பொறுமையும், கேட்குமுன்னரே கைகொடுக்கத் துணிவும் உங்களுக்கு வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!