பிள்ளைகளோடு ஒரு நாள்: ஓர் உஸ்தாதின் படிப்பினை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே.

எங்கள் மத்ரஸாவுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். இந்த ஒற்றுமையைக் காரணமாகச் சொல்லியே, கடந்த இரண்டு ஆண்டுகளாக என் பிள்ளைகளோடு வெளியே செல்வதிலிருந்து நான் தப்பித்து வந்தேன். அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு முழுவதும் என் மனைவியின் தோள்களில் இருந்தது.

என் இரு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் செல்வதில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. இது நாங்கள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த வழியன்று. மகனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும்போது அவன் நாவு முதல் எழுத்திலேயே நின்றுவிடும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாசித்து முடிக்கும்வரை உட்காரக் கூடாது என்பார் ஆசிரியை. ஒரு நாள் காலையில் சீருடை அணிந்தவன் வாசற்படியில் அமர்ந்து எழ மறுத்துவிட்டான். அன்றே என் மனைவி, "இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றாள். தம்பி வீட்டில் படிப்பதைக் கண்ட மகளும் சில மாதங்களில் அவனோடு சேர்ந்துகொண்டாள்.

உறவினர்கள் பலவிதமாகப் பேசினார்கள். "ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார், சொந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை" என்பது என் செவிக்கே வந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இயங்கி வருவதையும், பள்ளிக்குச் செல்லாதோரும் அதன் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும் என்பதையும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்துப் போனேன். உண்மையில் எனக்கே அதில் முழு மனம் இல்லை. வரும் ஷவ்வாலில் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது, மகனை வெளியூரில் உள்ள ஒரு ஹிஃப்ளு மத்ரஸாவின் விடுதியில் சேர்த்துவிடத் தீர்மானித்திருந்தேன். கண்டிப்பான சூழலில் நாவு தானாகத் திருந்திவிடும் என்பது என் எண்ணம்.

என் மனைவி எதிர்த்துப் பேசவில்லை. "ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும் சரி" என்றாள். டிசம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்தேன்.

காலை ஏழரை மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். ஒரு பையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும், மற்றொன்றில் தண்ணீர்ப் புட்டிகளும் நோட்டுப் புத்தகங்களும். பாரதி சாலையில் அமீர் மஹாலின் நுழைவாயில் எதிரே சற்று நின்றோம். நாள்தோறும் கடந்து செல்லும் வாசல்தான், நின்று பார்த்ததில்லை. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலகங்களுக்காகக் கட்டிய கட்டடம் அது. 1855இல் ஆற்காடு நவாப் பட்டம் முடிவுக்கு வந்தது. பின்னர் 1867இல் ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. 1876 முதல் அக்குடும்பம் இங்கே வசிக்கிறது. இவற்றையெல்லாம் நடைபாதையில் நின்றவாறு எனக்குச் சொன்னவள் என் மகள். "உனக்கு யார் சொன்னது?" என்றேன். "போன மாதம் படித்தோமே, அத்தா. நீங்கள் அப்போது மத்ரஸாவில் இருந்தீர்கள்" என்றாள்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு நடந்தோம். வழியில் ஓர் ஆட்டோவின் கண்ணாடியில் 786 என்று ஒட்டியிருந்தது. மகன் அதைச் சுட்டிக் காட்டி என் முகத்தைப் பார்த்தான். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் மதிப்பிட்டுக் கூட்டினால் வரும் தொகை அது என்றும், இவ்வெண்ணுக்கென்று மார்க்கத்தில் தனிப் புனிதம் ஏதும் இல்லை என்றும், அக்காலத்தில் ஆண்டுகளைக் குறிப்பதற்கு அறிஞர்கள் கையாண்ட கணக்கு முறையே இது என்றும் விளக்கினேன். அவன் தலையாட்டினான். புதிய செய்தியைக் கேட்டவன் போல அவன் முகம் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வாலாஜா பெரிய பள்ளிவாசலின் விரிந்த வெளியில் புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795இல் எழுப்பப்பட்ட பள்ளி இது. மரமோ இரும்போ இன்றிச் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டியிருக்கிறார்கள். இதன் அடக்கத் தலத்தில்தான் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் 1972 முதல் உறங்குகிறார்கள். இன்னொருவரும் இங்கே அடங்கியிருக்கிறார்: பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ (ரஹ்). இந்நாட்டு மத்ரஸாக்களில் நாங்கள் ஓதும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மகனார். லக்னோவிலிருந்து பல ஊர்களைக் கடந்து இறுதியாகச் சென்னை வந்து, நவாபின் ஆதரவில் கற்பித்து, இங்கேயே மறைந்தார்.

நான் சலாம் சொல்லி துஆச் செய்துகொண்டிருந்தபோது என் மனைவி மெல்லக் கேட்டாள்: "இவர் எங்கே ஓதினார்?"

"ஃபரங்கி மஹலில், தம் தந்தையாரிடம்."

"அது மத்ரஸாவா?"

வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஃபரங்கி மஹல் ஒரு வீடு. முன்பு ஐரோப்பிய வணிகர் ஒருவருடையதாக இருந்து, முல்லா குத்புத்தீன் அவர்கள் கொல்லப்பட்ட பின் அவருடைய குடும்பத்துக்கு ஔரங்கசீப் அளித்த வீடு. தந்தையும் மகனும் மாணவர்களும் அந்த வீட்டுக்குள் அமர்ந்து ஓதியதிலிருந்து விளைந்ததே நாங்கள் இன்று 'மத்ரஸாப் பாடத்திட்டம்' என்று பெருமையுடன் சொல்வது. இருபது ஆண்டுகளாக இதைக் கற்பிக்கிறேன். இந்தக் கோணத்தில் ஒருமுறையும் எண்ணியதில்லை.

மகனை உள்ளே அழைத்துச் சென்றேன். பள்ளி கட்டிய ஆண்டைக் குறிக்கும் வாசகத்தை எழுதியவர் நவாபின் பணியிலிருந்த ராஜா மக்கன் லால் கிரத். பாரசீகத்தில் புலமை மிக்க இந்து அறிஞர். அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரியது எனப் பொருள்படும் 'திக்ருல்லாஹி அக்பர்' என்ற சொற்களில் அவர் ஆண்டைப் பொதிந்து வைத்தார். ஒரு பள்ளிவாசலின் பிறந்த ஆண்டை இறைவனின் நினைவைக் கொண்டே குறிக்க ஓர் இந்து அன்பர் சொல் தேடியிருக்கிறார் என்பதை மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னைக் கவனிக்கவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். புள்ளி வைத்த தால் 700, காஃப் 20, ரா 200: ஆக 920. அலிஃப் 1, லாம் 30, மீண்டும் லாம் 30, ஹா 5: ஆக 66. அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200: ஆக 223. மூன்றையும் கூட்டிக் கோடிட்டு நிமிர்ந்தான்.

"ஆயிரத்து இருநூற்று ஒன்பது, அத்தா" என்றான். திக்கவில்லை.

ஹிஜ்ரி 1209 என்பது 1794 ஜூலையில் தொடங்கி 1795 ஜூலையில் முடிந்த ஆண்டு. கணக்கு சரி. ஆனால் என்னை அசைத்தது கணக்கு அன்று. அரபு எழுத்துகளின் மதிப்புகளையெல்லாம் அவன் எப்போது கற்றான்?

வெளியே வந்து மனைவியிடம் கேட்டேன். "அவனுக்கு எண்கள் என்றால் உயிர். எழுத்தை வாயால் சொல்லச் சொன்னால் அஞ்சுகிறான். எண்ணோடு சேர்த்து எழுதச் சொன்னால் மகிழ்ச்சியாக எழுதுகிறான். அப்படித்தான் எட்டு மாதங்களாக அவனுக்கு எழுத்துகளைப் பழக்குகிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றாள்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடந்த ஆண்டு என் மக்தபில் மற்றப் பிள்ளைகளோடு அவனையும் அமர்த்தினேன். ஒரே வரியில் அவன் மீண்டும் மீண்டும் நின்றபோது பொறுமையிழந்து பிரம்பால் தரையில் அடித்தேன். அடி அவன்மீது விழவில்லை. ஆனால் அன்று முதல் என் முன் அவன் வாய் திறந்து ஓதியதே இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியையை எத்தனையோ முறை குறை சொல்லியிருக்கிறேன். நான் செய்தது வேறா?

எழும்பூருக்கு ஆட்டோவில் சென்றோம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. முடிக்கவும் கூடாது என்பது என் மனைவி வைத்திருக்கும் விதி. ஒருவருக்கு ஒரு பொருள். அரை மணி நேரம் அதன்முன் அமர்ந்து வரைய வேண்டும். சிலைகள் நிறைந்த கூடங்களுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது. நாம் வணங்கச் செல்லவில்லை. நமக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தோர் எதை நம்பினார்கள், எப்படி உழைத்தார்கள் என்று அறியச் செல்கிறோம் என்று மகளுக்குச் சொன்னபோது, அது எனக்கே நான் சொல்லிக்கொண்ட பதிலாகவும் இருந்தது. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதை நான் விரும்புவதில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அமராவதித் தூபியின் சுண்ணாம்புக் கற்களில் செதுக்கிய தாமரை வட்டத்தை மகள் தேர்ந்தெடுத்தாள்.

மகன் விலங்கியல் பிரிவில் தொங்கும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே நெடுநேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து, "அ... அத்தா, எலும்புக்கு உயிர் இல்லையே, வ... வரையலாமா?" என்றான். மத்ரஸாவில் எத்தனையோ மஸ்அலாக்களைக் கேட்டிருக்கிறேன்; இப்படியொன்றைக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே அனுமதித்தேன். அவன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தான். யூனுஸ் நபி (அலை) அவர்களைப் பற்றி அக்காவோடு பேசிக்கொண்டே வரைந்தான். பேச்சு இடையிடையே திக்கியது. அவள் காத்திருந்தாள், அவன் சொல்லை இவள் முடித்து வைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த அந்தக் கற்பிக்கும் முறை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அருகிலிருந்த பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவுக்குச் சென்றோம். முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் தோட்டக்கலைத் துறை அமைத்த பூங்கா. கொண்டுசென்ற இட்லியை உண்டுவிட்டுப் பிள்ளைகள் மூலிகைச் செடிகளின் பெயர்ப் பலகைகளைப் படிக்க ஓடினார்கள். நான் மர நிழலில் அமர்ந்திருந்தேன்.

குர்ஆனைச் சிரமப்பட்டு, திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நபிமொழி. பயான்களில் நான் பலமுறை எடுத்துச் சொன்னதுதான். இரு கூலிக்குரிய ஒரு பிள்ளையை என் வீட்டிலேயே அல்லாஹ் தந்திருக்க, அவன் நாவைக் குறையென்று எண்ணி, விடுதிக்கு அனுப்பித் திருத்த நினைத்தேன்.

வீட்டில் வைத்துக் கற்பிப்பதே எல்லோருக்கும் ஏற்றது என்று நான் எழுத வரவில்லை. என் மனைவியின் களைப்பை அன்று அருகிலிருந்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒத்த வயதுத் தோழர்கள் குறைவு. நாளை தேர்வுகள், மேற்படிப்பு குறித்த கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தாலும், மாதத்தில் ஒரு நாளாவது அவர்களோடு வெளியே செல்லுங்கள். செலவு அதிகமில்லை. கட்டுச்சோறும் ஒரு நோட்டும் போதும். கற்பிப்பதற்காகச் செல்லாதீர்கள், உங்கள் பிள்ளை எதன்முன் நிற்கிறது என்று பார்ப்பதற்காகச் செல்லுங்கள்.

அஸர் ஜமாஅத்துக்கு ராயப்பேட்டை திரும்பினோம். அன்றிரவு மனைவியிடம், "ஷவ்வால் பேச்சு இப்போது வேண்டாம்" என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கும்போது கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை மக்தபுக்குச் சென்றதும் அலமாரியின் மேலிருந்த பிரம்பை எடுத்து வெளியே வைத்தேன். கடைசி வரிசையில் எப்போதும் தலை குனிந்தே அமர்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களுடைய நாவு எந்த வழியில் திறக்கும் என்று இதுவரை நான் தேடியதில்லை. இன்ஷா அல்லாஹ், இனித் தேடுவேன்.

மகன் இன்னும் என் முன் ஓதவில்லை. ஆனால் இஷாவுக்குப் பின் நோட்டைக் கொண்டுவந்து என்னருகே அமர்கிறான். நான் ஒரு சொல்லை எழுதுகிறேன். அவன் எண்ணிக் கூட்டுகிறான். காத்திருக்கிறேன்.

மூஸா நபி (அலை) அவர்களின் நாவின் முடிச்சை அவிழ்த்த ரப்புல் ஆலமீன், நம் பிள்ளைகளின் நாவுகளை எளிதாக்குவானாக! அதுவரை காத்திருக்கும் பொறுமையை அவர்களுக்குக் கற்பிக்கும் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.