இரு மொழியில் ஒரு மெட்டு

தங்கையின் திருமண வரவேற்பு தில்லியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாபியர். ஓராண்டு மறுத்த பிறகே அப்பா சம்மதித்திருந்தார். மொழியியல் படித்தவன் என்பதால், ஆடுகளத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் தமிழ் பத்து, பஞ்சாபி பத்து என்று பங்கிட்டேன். பட்டியலைப் பார்த்த தங்கை கேட்டாள்: “ஒரு பாட்டுக்கு ஒரு வீட்டார் ஆட, மற்ற வீட்டார் உட்கார்ந்து பார்ப்பதா அண்ணா?” சமமாகப் பங்கிட்டதாக எண்ணியிருந்தேன், உண்மையில் பிரித்துத்தான் வைத்திருந்தேன்.

ஆகவே இரு மொழியிலும் வாழும் மெட்டுகளைத் தேடினேன். 1994இல் வந்த ‘காதலன்’ பாடல்கள் இந்தியிலும் ஒலித்தவை. 1998இன் ‘தில் சே’ தமிழில் ‘உயிரே’. இந்தியின் ‘சைய்யா’ நிழலைச் சுட்டும். தமிழின் ‘தைய்யா’ வெறும் தாளச்சொல். குல்சாரும் வைரமுத்துவும் எழுதியவை வேறு வேறு. ரகுமானின் மெட்டு ஒன்றே.

அன்றிரவு இந்தி வடிவமே ஒலித்தது. சம்பந்தியம்மாள் பாடியபடியே ஆடினார். ஓரமாகத் தனித்து அமர்ந்திருந்த அப்பா எழவில்லை. ஆனால் அவர் உதடுகள் தமிழ் வரிகளை முணுமுணுத்தன. அதைக் கவனித்த சம்பந்தியம்மாள், அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். இருவரும் அவரவர் மொழியிலேயே அந்தப் பாட்டைப் பாடி முடித்தனர்.