மெட்டுக்கு ஆசைப்பட்ட வியோலாக்காரன்

வியோலா வாசிக்கிறவனுக்கு மெட்டு கிடைப்பது அபூர்வம். அணிநடை என்றால் கேட்கவே வேண்டாம். முதல் வயலின் ஜம்மென்று பாடிக்கொண்டு போகும், செல்லோ ‘உம்’ என்று அடி எடுத்துவைக்கும், இடையில் விழும் ‘சா’தான் என் பங்கு. பக்கம் பக்கமாக சா, சா, சா. பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ‘கரேலியா’ தொகுப்பில் கடைசியாக வரும் அணிநடையான ‘அல்லா மார்ச்சியா’வை எங்கள் நால்வர் குழுவுக்காக மாற்றி எழுத நான் முன்வந்ததற்கு இசைப்பற்று காரணமில்லை. நானே எழுதினால் எனக்கு மெட்டு கொடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்த வீபுரி வட்டார மாணவர்கள், 1893-இல் கரேலியாவின் வரலாற்றைக் காட்சிகளாக மேடையேற்றினார்கள். அதற்குச் சிபேலியஸ் போட்ட இசையிலிருந்து எடுத்த மூன்று பகுதிகள்தான் இந்தத் தொகுப்பு. (வீபுரி இப்போது ரஷ்யாவில் இருக்கிறது.)

ஸ்கோரைத் திறந்தால் மலைப்பாக இருந்தது. நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், டியூபா, டிம்பனி, சிம்பல். எங்களிடம் நான்கு பேருக்கும் சேர்த்துப் பதினாறு தந்தி. கைகொடுத்தது சுருதிதான். ஏ மேஜர் என்பதால் வயலினின் ஏ, ஈ தந்திகளை விரல் படாமலே அதிரவிடலாம். பித்தளை வாத்தியங்களின் கனம் வேண்டிய இடங்களில் சுரங்களை அடுக்கி ஒரே வில் வீச்சில் இழுக்கலாம், விரல்களுக்கும் சிரமமில்லை. வயலின் வித்வானாக வேண்டும் என்று இளமையில் ஏங்கியவர் சிபேலியஸ். தந்தியின் மனசு அவருக்குத் தெரியும்.

மெட்டை எழுதுவது கிட்டத்தட்ட நகலெடுக்கும் வேலை. யோசிக்க வைத்தது அந்தச் ‘சா’தான். ஆர்கெஸ்ட்ராவில் பலர் பகிர்ந்துகொள்ளும் சுர அடுக்கிலிருந்து இரண்டு சுரத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எதை? ஐந்தாம் சுரத்தைத் தள்ளிவிடலாம், காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். மூன்றாம் சுரத்தைத் தள்ளினால் மேஜரா மைனரா என்றே தெரியாமல் போய்விடும். அப்புறம் நீளம். ஒரு முழு அடிக்கு நீட்டினால் படை சேற்றில் நடக்கிறது. பாதியில் வில்லைத் தூக்கிவிட்டால்தான் கால் எழும்புகிறது. மேல் ஸ்தாயியில் வைத்தால் கீச்சிடும், அடியில் வைத்தால் குழம்பும். சரியான இடத்தைத் தேடித் தேடிக் கடைசியில் போய் நின்றது வியோலாவின் நடுத் தந்திகளில். வருஷக்கணக்காக நான் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இடம். அணிநடையின் நடையே அங்கேதான் இருந்திருக்கிறது. முதல் வயலினுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குமே தெரியவில்லையே!

அதற்காக மெட்டை விட்டுக்கொடுத்துவிடவில்லை. இரண்டாவது மெட்டு திரும்பி வரும்போது ஒரு சுற்று எனக்கு, ஒரு ஸ்தாயி கீழே. அந்தச் சுற்றுக்கு மட்டும் ‘சா’ இரண்டாம் வயலினின் தலையில்.

சத்தத்துக்குத்தான் வழியில்லை. நால்வரும் எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் டிராம்போன் ஆகிவிட மாட்டோம். அதனால் உச்சத்துக்கு முந்தைய அடிகளை விரலால் மீட்டும் பிஸிகாட்டோவாக்கி, காதைக் கொஞ்சம் பசியோடு வைத்தேன்.

சிபேலியஸ் 1957-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி 2017-உடன் காப்புரிமை முடிந்துவிட்டது. நாங்கள் வாசிக்கிற பின்லாந்தில் 2027 முடிய வேண்டும். அதுவரை அனுமதி வாங்காமல் அச்சிட முடியாது. நல்லதாகப் போயிற்று. செல்லோக்காரர் இப்போது தனக்கும் ஒரு மெட்டு வேண்டும் என்கிறார்.