தொப்பி கேட்கவில்லை

போன மாதம் ஒரு பாட்டை மிக்ஸ் செய்து, இசைக்காரர்கள் ஏழு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாட்டு நாலே முக்கால் நிமிஷம். முதல் பதில் ஒன்றரை நிமிஷத்தில் வந்துவிட்டது: நெருப்புப் படம் மூன்று. அடுத்தது ஒரு கட்டைவிரல். இன்னொருவர் ‘வேற லெவல்’ என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் இன்னும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, நானும் அடுத்தவர் பாட்டுக்கு அப்படித்தான் நெருப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி பள்ளிக்கரணை ஃபிளாட்டில் ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது காரைக்குடி வீட்டு வளவின் ஞாபகம் வந்து, பிறகு தூக்கம் வரவில்லை.

2004-ல் இருந்து நாலைந்து வருஷம் எங்கள் ஸ்டூடியோ ஒரு செட்டியார் வீடு. வீட்டுக்காரர்கள் மலேசியாவில். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். மிருதங்கம் வாசிக்கிற அண்ணனின் குடும்பம்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டது. ‘சாமான் எதையும் தொடாம என்ன வேணாலும் பண்ணிக்குங்க’ என்று அனுமதி கிடைத்தது. இருந்ததெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் கூல் எடிட் ப்ரோ, சவுண்டு சர்வீஸ் மாமா இரவல் கொடுத்த ஒரே ஒரு மைக்.

குரலை இரண்டாம் கட்டில் ஓர் இருட்டறையில் பதிவோம். உள்ளே கூரை வரை மெத்தை, ஜமுக்காளம், துணி மூட்டை. கையைத் தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துவிடும். அப்படி வறண்ட குரலுக்கு ஈரம் ஏற்ற வேண்டும் அல்லவா? அதற்கு வளவு இருந்தது, நடுமுற்றத்தைச் சுற்றிய கூடம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி. கீழே ஆத்தங்குடிக் கல். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள். சத்தம் எதிலும் உறையாமல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு மூலையில் ஸ்பீக்கரை வைத்துக் குரலை ஓட விட்டு, எதிர்மூலையில் மைக்கை நிறுத்தி, திரும்பி வருகிற முழக்கத்தைத் தனி டிராக்கில் பிடித்துக்கொள்வோம். 1956-ல் ஹாலிவுட்டில் கேப்பிட்டல் இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கோபுரம் கட்டியபோது, இதே வேலைக்காகத் தரைக்கு அடியில் அறைகள் கட்டினார்கள் என்று பின்னால்தான் படித்தேன். எங்கள் அறையில் புறாக்கள் இருந்தன. அந்தக் காலத்து எங்கள் பாட்டு எதைக் கேட்டாலும் எதிரொலிக்குள் எங்கேயோ ஒரு புறா முனகும்.

மிக்ஸ் முடிந்த அன்று சாயங்காலம் நாலு பேர் வருவார்கள். மிருதங்க அண்ணன், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த இன்னொரு அண்ணன், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஐயா, பிறகு சவுண்டு சர்வீஸ் மாமா. முதல் தடவை பாட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. சட்டமென்று யாரும் போடவில்லை, திறக்க மாட்டார்கள். ஓதுவார் கண்ணை மூடிக்கொள்வார். மாமா மட்டும் எழுந்து முகப்பு வரை நடந்துபோய், தெருவில் நின்று கேட்டுவிட்டு வருவார். இரண்டாவது தடவை ஓடும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். யார் விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

“தம்பி, குரல் சுவத்துக்குள்ள நிக்கிது. வெளிய வரச் சொல்லு.”

இது மாமா. எதிரொலியை அள்ளிக் கொட்டிவிட்டேன் என்று அர்த்தம். ஓதுவாருக்கு வேறு கணக்கு. “சத்தத்தை நல்லாக் குறைச்சு வைங்க” என்பார். பக்கத்தில் பேசுகிற அளவுக்கும் கீழே குறைத்த பிறகு, “இப்ப மூணாவது அடியில என்ன சொல்லு வருது?” என்று கேட்பார். அந்த வரியை எழுதியவனே நான்தான், எனக்கே கேட்காது. சத்தத்தைக் குறைத்தால் நம் காது முதலில் கைவிடுவது அடிநாதத்தையும் உச்சநாதத்தையும்தான். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஓதுவாருக்கு அவர்களைத் தெரியாது. சொல் விழவில்லை என்றால் பதிகம் பாடி என்ன பயன் என்பது மட்டும் தெரியும்.

ஒரு மாசி மாதம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு பாட்டுப் போட்டோம். ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், அதில் நம் பாட்டும் போகும் என்று ஆசை. சிடியை வாங்கிய மாமா, தன் கடை வாசலில் கிடந்த ஒரு குழாயில் போட்டுக் காட்டினார். குரலைக் காணோம். கீபோர்டு மட்டும் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி வந்தது. குழாய்க்கு அடியும் கிடையாது, உச்சியும் கிடையாது. நடுவில் இருப்பதை மட்டும் உரக்கச் சொல்லும். “குழாயில நின்ன பாட்டு எங்க போட்டாலும் நிக்கும்” என்றார் மாமா. எனக்குக் கோபம். திருவிழாவுக்கு ரெண்டு நாள்தான் இருக்கிறது, இனிமேல் முதலிலிருந்தா என்றேன்.

அப்போது அவர் சொன்னது ஸ்ரீவள்ளி கதை. காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளை ஏ.வி. மெய்யப்பன். 1945-ல் அவர் எடுத்த படம் அது. முருகன் டி.ஆர். மகாலிங்கம், வள்ளி ருக்மணி. படத்தை எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், மகாலிங்கத்தின் குரலுக்கு முன்னால் வள்ளியின் பாட்டு எடுபடவில்லை. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, திரையில் அசைகிற உதட்டுக்குத் தகுந்தபடி பாட்டுகளைத் திரும்பப் பாட வைத்துச் சேர்த்தார்கள். “செட்டியாரு மொத்தப் படத்தை எடுத்துட்டு மாத்தினாரு. நீ இருபது ரூவா சிடிக்கு அழுகுறியே” என்றார் மாமா. அதே மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 1947-ல் ‘நாம் இருவர்’ கொண்டுவந்ததும், அதற்கு டி.கே. பட்டம்மாள் பாடியதும் மாமாவுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஸ்டூடியோ மறு வருஷமே சென்னைக்குப் போய்விட்டது. அதை மட்டும் என்னவோ நேற்று நடந்த துரோகம் போலச் சொல்வார்.

அன்று ராத்திரி திரும்பவும் வளவில் உட்கார்ந்தோம். குரலைச் சரி செய்தாயிற்று. அப்புறமும் என்னவோ இடித்தது. அடியில் ஒரே கும்மல். மிருதங்க அண்ணன் எதுவும் பேசாமல் தன் இடது தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கேட்கவில்லை என்பதை அவர் தன் வாயால் சொல்ல மாட்டார். தன் வாத்தியத்தை ஏற்றச் சொல்லிக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அந்தத் தொப்பிக்காகத்தான் பதிவுக்கு முன் ரவை பிசைந்து அப்பி, தட்டி, கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அது அத்தனையும் கீபோர்டின் பேஸுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

கீபோர்டு அண்ணன்தான் எழுந்து வந்தார். மவுஸை என் கையிலிருந்து வாங்கினார். தான் வாசித்த பேஸ் டிராக்கைப் பிடித்துக் கீழே இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். சரணத்தில் மொத்தமாகவே எடுத்துவிட்டார். அது அவர் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டிய பேஸ். “இப்ப போடு” என்றார். போட்டேன். தொப்பியின் கும்காரம் தரையோடு வந்து காலில் ஏறியது. மிருதங்க அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “டீ சொல்லவா?” என்றார்.

இதற்கு இணையான விமர்சனத்தை நான் பிறகு எங்கும் பெறவில்லை. சென்னையில் காசு கொடுத்துப் பெரிய இன்ஜினியர்களிடம் மிக்ஸ் செய்திருக்கிறேன். சுத்தமாக இருக்கும். தன் பங்கைத் தானே குறைத்துக்கொண்டு பாட்டைக் காப்பாற்ற அங்கே யார் இருக்கிறார்கள்?

கீபோர்டு அண்ணன் சிங்கப்பூர் போய்விட்டார். ஓதுவார் ஐயா காலமாகிவிட்டார். அந்தச் செட்டியார் வீட்டையும் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் இடித்துவிட்டார்கள். தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனதாகக் கேள்வி. இப்போது எந்த ஊர் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கின்றனவோ. வேலை வேலை என்று ஓடியதில் மிருதங்க அண்ணனின் தொடர்பையும் விட்டுவிட்டேன். அது முழுக்க என் தப்பு.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போனபோது மாமாவின் கடைக்குப் போனேன். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். குழாயெல்லாம் பரணில், கீழே ஆள் உயரத்துக்குக் கருப்புப் பெட்டிகள். மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நெருப்புப் படம் வாங்கிய அதே பாட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். முழுசாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். ரெண்டாவது தடவை எழுந்து வாசல் வரை நடக்கப் பார்த்தார், வயர் இழுத்துவிட்டது.

“தொப்பி கேக்கலையே தம்பி.”

“அது மிருதங்கமே இல்ல மாமா. கம்ப்யூட்டர்ல இருக்கறதை எடுத்துப் போட்டது.”

“அதான் பார்த்தேன்” என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு பில் புத்தகத்தை எடுத்து, அதன் பின்னட்டையில் இருந்த நம்பரைக் காட்டினார். மிருதங்க அண்ணன் இப்போது தேவகோட்டையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம்.

போன் செய்தேன். குரல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு வரச் சொல்லியிருக்கிறார். ரவை நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.