பெயரை மாத்தினால் ஐஎஸ்ஓ ஆகுமா?

எங்கட ஊர்ப் பேச்சில ஆரும் சீடியை 'எரிக்கிறது' இல்லை. "ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ" என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலச் சொல்லின்படி அது எரித்தல்தான். லேசர் ஒளி வட்டிலுள்ள சாயப்படையைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒன்றைக் காப்பாற்ற அதை எரிக்கவேணும் என்பது கொஞ்சம் விநோதமான சொல்.

"இப்ப ஆர் சீடி பாக்கினம்?" என்று கேட்பீங்கள். ஹெந்தளையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அன்ரி பார்க்கிறா. அவவின் கணவர் இரண்டாயிரங்களில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்தவர். அவர் போனபிறகு மிஞ்சியது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அவர் அடித்து வைத்த வட்டுகளில் பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. "கொம்பியூட்டர்ல வேண்டாம் பிள்ளையள், ரிவியில போட்டுப் பாக்கோணும். கனடாவில இருக்கிற மகளுக்கும் ஒரு செற் அனுப்போணும்" என்றா.

ஹார்ட் டிஸ்கில் இருந்தவை வீடியோக்கள் இல்லை, வட்டுகளின் முழுப்படிமங்கள். சிலது .iso, சிலது .nrg, பெரும்பான்மை .bin. அன்ரி முதலில் கொடுத்த கடையொன்றில் எல்லாவற்றையும் .iso என்று பெயர் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை.

ஏன் ஓடாது? ஒரு சீடியின் ஒவ்வொரு துண்டும் (செக்டர்) 2352 பைட் நீளம். சாதாரணத் தரவு வட்டில் அதில் 2048 பைட் மட்டுமே எங்கட தரவு, மிச்சம் முகவரியும் பிழைதிருத்தமும். .iso கோப்பு அந்த 2048ஐ மட்டும் வரிசையாக அடுக்கி வைக்கிறது. .bin வழமையாக 2352ஐயும் அப்படியே அள்ளி வைக்கிறது. பெயரை மாத்தினால் உள்ளே இருக்கிற அடுக்கு மாறாது. அடிக்கும் மென்பொருள் தப்பான இடத்தில் வெட்டி வெட்டி எழுதிவிடும். .nrg என்பது நீரோ மென்பொருளின் சொந்த வடிவம், அதற்கும் இதே கதைதான்.

எங்கட கோப்புகளில் இன்னொரு சிக்கல். அவை விசிடிகள். விசிடியில் படம் இருக்கிற பகுதி பிழைதிருத்தத்தைக் குறைத்து, ஒரு துண்டில் 2324 பைட் வீடியோவை ஏற்றுகிறது. அதை 2048க்குள் அடக்க முடியாது. ஆகவே விசிடியை ஐஎஸ்ஓ ஆக 'மாற்ற' வெளிக்கிட்டால் படத்தையே இழக்கிறோம். .binஐ அதன் .cueவோடு சேர்த்துத்தான் அடிக்கவேணும். இம்ஜ்பேர்ன் போன்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். .bin 790 எம்பி, வட்டு 700 எம்பி என்று பயப்படவும் தேவையில்லை. 700 என்பது 2048 கணக்கு. 80 நிமிட வட்டில் 2352 கணக்குப்படி 800 எம்பி மட்டும் போகும்.

அப்படியும் "கோப்பைக் காணவில்லை" என்று பிழை வந்தது. .cue என்பது சில வரி எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். அதன் முதல் வரியில் .bin முன்பு எங்கே, என்ன பெயரில் இருந்தது என்று எழுதியிருக்கும். கடையில் பெயர் மாத்தினபடியால் அந்த வரி பொய்யாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் திருத்தினோம். திருத்தும்போது அவருடைய பழைய கோப்புறைப் பெயர்கள் தெரிந்தன. ஒன்றில், ஆங்கில எழுத்தில், மகளின் செல்லப்பெயர். அன்ரிக்குக் காட்டினோம். "இது அவர் வைச்ச பேர்" என்றா, வேறொன்றும் சொல்லேல்லை. அந்தக் கோப்பின் பழைய வரியை அழிக்காமல் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்தோம்.

கனடாவுக்கு அனுப்பும் படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்தோம். அதிலும் ஒரு பாடம். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் அடிப்படை மட்டம் எட்டு ஆங்கில எழுத்தும் மூன்றெழுத்து வாலும்தான் ஏற்கும். தமிழ் வேண்டுமென்றால் ஜோலியட் நீட்சியைத் தெரிவு செய்யவேணும். அதற்கும் 64 குறி எல்லை. 'யாழ்ப்பாணம்' எங்களுக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பதினொரு குறி. நீளமான தமிழ்ப் பெயர் வைக்கிறவர்கள் யூடிஎஃப் வடிவத்துக்குப் போவது நல்லது.

இவ்வளவும் கலைப்பீடப் பிள்ளைகளான எங்களுக்கு எதற்கு? எங்கட சனத்தின் இரண்டாயிரங்களில் கனக்க நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இல்லை. அலுமாரி மேலே பிஸ்கட் பேணிக்குள் கிடக்கிறது. வட்டின் சாயம் மங்குகிறது, புது லெப்டொப்பில் வட்டுச்செலுத்தியும் இல்லை. யூஎஸ்பியில் கொழுவுகிற ஒன்றைக் கூட்டாளிகளோடு காசு போட்டு வாங்குங்கோ. முதலில் முழுப்படிமம் எடுங்கோ, அடித்தால் சரிபார்க்கும் தெரிவையும் போடுங்கோ. .binக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்தக் குட்டி .cueவை மட்டும் குப்பை என்று அழித்துப் போடாதேங்கோ.