தேய்ந்த இடத்துக்கு மட்டும்

நங்கநல்லூரில் தனி வீடுகள் நிறைந்திருந்த நாட்களில், கூடத்துக்கு ஒரு தேக்கு ஊஞ்சலோ சாய்வு நாற்காலியோ இருந்தது. சீராக வந்தவை, ஊரில் பாகம் பிரித்தபோது வந்தவை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. எங்கள் நாற்காலியின் கைப்பிடியில் தாத்தாவின் உள்ளங்கை படும் இடம் வெளுத்திருந்தது. மேஜை மேல் சூடான காபி டவரா வைத்த வெள்ளை வளையங்கள்.

தை பிறக்குமுன் பாலீஷ்காரர் சைக்கிளில் வருவார். பையில் ஸ்பிரிட்டில் முந்தின இரவே ஊறப்போட்ட அரக்கு, உப்புத்தாள், சாக்பவுடர், காவி, பழைய மல்துணி. சின்னப் பள்ளங்களுக்கு மக்கு குழைப்பார். மரத்தின் நிறம் வரும்வரை காவியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்ப்பார். காய்ந்ததும் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் போடுவார். பிறகு பஞ்சை மல்துணியில் பொதிந்து அரக்கில் தோய்த்தால், கை நிற்காமல் ஓடும். நின்றால் துணி ஒட்டித் தடம் விழுந்துவிடும்.

"மொத்தமா சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிடலாமா?" என்று அப்பா கேட்பார்.

"எதுக்கு சார்? தேஞ்ச எடத்துல மட்டும் வெச்சா போதும். புதுசு பழசோட கலந்துடும்."

அது உண்மை. புரசு, குசும் போன்ற மரங்களில் வாழும் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் மிகுதியாகச் சேகரிக்கிறார்கள். எத்தனை ஆண்டு காய்ந்திருந்தாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். அதனால் புதுப் பூச்சும் பழையதும் ஒன்றாகி, ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. சூட்டிலும் ஈரத்திலும் வெளுத்துப்போகும் அதன் பலவீனமும், மெல்லத் துடைத்தே சரிசெய்துவிடும் அளவில்தான் இருந்தது.

இப்போதைய பாலியூரித்தேன் பூச்சு இறுகினால் ஸ்பிரிட்டுக்கு இளகாது. மைக்கா ஒட்டிய பலகையில் ஒரு மூலை பெயர்ந்தால், அந்த மூலையை மட்டும் தடம் தெரியாமல் சரிசெய்ய வழியில்லை. வீடுகள் அடுக்குமாடிகளாயின. ஊஞ்சலுக்கு உத்தரம் இல்லை, சாய்வு நாற்காலிக்கு இடம் இல்லை. எங்களுடையதும் கைமாறிப் போனது.

அரக்கு இன்றும் விற்கிறது. ஆனால், ஒரு பொருளை முழுதாகப் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதைத் தொடாமல், தேய்ந்ததை மட்டும் சரிசெய்யும் அந்தக் கைப்பக்குவத்தை நங்கநல்லூர்த் தெருக்களில் காணவில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.