விடை சரி, நேரம் போதவில்லை!

இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு மாணவி அவள். ஆன்லைன் கோடிங் போட்டியில் ஒரு கணக்கு: 1 லட்சம் எண்களில், கூட்டினால் கேட்ட தொகை வரும் இரண்டு எண்கள் உண்டா?

ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டிப் பார்க்க எழுதினாள். முறை சரிதான். ஜோடிகளோ சுமார் 500 கோடி. கொடுத்த நேரம் 1 விநாடி. 'நேரம் கடந்தது' என்று திரும்பி வந்தது. ரேட்டிங் சரிந்தது. 'இதெல்லாம் நமக்கு வராது' என்று தோன்றியது.

போட்டி முடிந்தபின், விடையைப் பார்க்காமல் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். ஆறே ஆறு எண்களை ஏறுவரிசையில் எழுதி, இரு முனையிலும் விரல் வைத்தாள். தொகை கூடினால் வலது விரல் உள்ளே நகரும். குறைந்தால் இடது விரல். அடுக்கிவிட்டால், 1 லட்சம் நகர்வுக்குள் வேலை முடிந்துவிடும்!

இழந்த ரேட்டிங் திரும்பவில்லை. ஆனால், போட்டியில் கைகொடுப்பது ஏற்கெனவே கற்றது. புதிதாகக் கற்பது போட்டி முடிந்த பிறகுதான். வீட்டுப் பிள்ளை அப்படி உட்கார்ந்திருந்தால், தோசை ஆறினாலும் பரவாயில்லை.